எட்டு மடங்கு பாரம்

ஆர்.எஸ்.புரம், கோவை
4 பிப்ரவரி 1996

ரங்கா,

உன் பொங்கல் வாழ்த்து நேற்றுத்தான் வந்தது. பொங்கல் முடிந்து இருபது நாள். மசினகுடியில் உன் யானைகளில் ஒன்றிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் இதற்குள் இரண்டு முறை வந்து திரும்பியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ‘அலகு’ என்று ஓர் அறிவியல் மாத இதழ் இங்கே வருகிறது. அதை நடத்தும் கண்ணையா கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். போன வாரம் எங்கள் பள்ளிக்கு வந்தார். ஏப்ரல் இதழ் முழுவதையும் ஒரே கேள்விக்கு ஒதுக்கப் போகிறாராம்: பெரியது என்றால் என்ன? இதய மருத்துவர் ஒருவர், பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர் என்று ஆளாளுக்குத் தங்கள் துறையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். கணக்குக்கு நான். எங்கள் தலைமையாசிரியை சபுரா டீச்சர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பதினாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ‘நீங்க எழுதுங்க’ என்று ஒருவர் வாசல் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

“யானையைப் பத்தி எழுதத்தான் ஆள் கிடைக்கலீங்க” என்றார் கண்ணையா.

நான் சும்மா இருந்திருக்கலாம். “என்ற தங்கச்சி இருக்கறாளுங்க. பன்னெண்டு வருசமா காட்டுல யானை ஆராய்ச்சிதானுங்க” என்று சொல்லிவிட்டேன். அதுவரை கதவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். உனக்கும் எழுதுவார். நன்றாக எழுது.

என் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணவே தெரியாத ஒருவன் கல்யாணப் பந்திக்குள் நுழைவதில் தொடங்குகிறது. எத்தனை பேர், எத்தனை இலை என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் காலி இலையும் இல்லை, நிற்கும் ஆளும் இல்லை என்றால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடுவான். இப்போது அந்தப் பந்தி முடிவே இல்லாமல் நீள்கிறது என்று வைத்துக்கொள். எல்லா இலையிலும் ஆள். தாமதமாக ஒருவர் வருகிறார். எல்லோரும் ஓர் இலை தள்ளி உட்காருங்கள் என்றால் முதல் இலை காலியாகிவிடும். நிரம்பிய பந்தியிலும் இடம் இருக்கிறது! கணக்கில் உண்மையான பெரியது அதுதான். ஒன்றைச் சேர்த்தாலும் கூடாது, பாதியை எடுத்தாலும் குறையாது.

வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்குக் காத்து நின்றபோது தோன்றியது. எந்த வகுப்பிலும் இன்னும் சொல்லவில்லை. படித்துவிட்டு உண்மையைச் சொல். கண்ணுக்கு முன்னால் புகழ்ந்துவிட்டுப் போகிற வேலை வேண்டாம்.

கோமளா


மசினகுடி
26 பிப்ரவரி 1996

அக்கா,

தாமதத்துக்குத் திட்டாதே. நாங்கள் பின்தொடர்கிற கூட்டத்தில் ஒரு தாய் யானை குட்டி போட்டிருக்கிறது. எட்டு நாளாக மூங்கில் புதருக்குள்தான் வாசம். என் தலைமுடியைப் பார்த்தால், பெற்ற பாவத்துக்கு நாயனா காரமடையில் இருந்தே சீப்பு அனுப்பிவிடுவார்.

கட்டுரையை ஜீப்பில் குலுங்கிக்கொண்டே படித்தேன். ஓட்டிய ரசாக் பாய்க்கும் வாசித்துக் காட்டினேன். “அவ்வளவு பேருக்கும் பிரியாணி யாருங்க போடறது?” என்று கேட்டார். பார்த்தாயா, இதுதான் உன் துறைக்கும் என் துறைக்கும் வித்தியாசம். உன் பெரியதற்கு யாரும் சோறு போட வேண்டியதில்லை. என் பெரியது ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தழை தின்கிறது.

பந்தி அபாரம். மற்றபடி நீளம். நடுவில் நாலு பக்கம் நிரூபணம் எதற்கு? படிக்கிறவர்கள் பரீட்சையா எழுதப் போகிறார்கள்? குறைத்துக் கொடு. உனக்கு எதையும் விட மனசு வராது.

கண்ணையா எனக்கும் எழுதியிருந்தார். ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு போட்டோவும் கேட்டார். கொம்பன் ஒன்றுக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படம் இருந்தது, அனுப்பினேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

ரங்கா


ஆர்.எஸ்.புரம்
9 ஏப்ரல் 1996

ரங்கநாயகிக்கு,

‘அலகு’ வந்தது. அட்டையில் நீயும் கொம்பனும். நல்ல படம். கொம்பன் கொஞ்சம் கூச்சப்படுவது போல இருக்கிறது.

என் கட்டுரை வரவில்லை. கண்ணையா ஒரு கார்டு போட்டிருந்தார்: ‘கட்டுரை பெரிதாக இருப்பதால் இந்த இதழில் சேர்க்க இயலவில்லை.’ பெரியது பற்றிய இதழில் பெரிதாக இருந்தது என் குற்றம். அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

உன் கட்டுரையைப் பிரித்தேன். முதல் வரி: ‘முடிவே இல்லாத ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.’ இரண்டாம் பத்தி: ‘கணக்கில் இது நடக்கும், உடம்பில் நடக்காது.’ அதற்குப் பிறகு உன் யானை வருகிறது. என் பந்தியில் உன் யானை உட்கார்ந்துவிட்டது. என்னைத்தான் இலை தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறாய். என் பெயர் எங்கேயும் இல்லை.

அதே இதழில் தமிழாசிரியர் எழுதியிருப்பதைப் படித்தாயா? உருவத்துக்கும் வயதுக்கும் மதிப்புக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது என்கிறார். மூத்தவளும் பெரியவள். பெண் வயதுக்கு வந்தாலும் பெரியவள். ஒரே வீட்டில் இந்த இரண்டும் முன்னும் பின்னுமாக வந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும். உனக்கு முதலில் சீர் நடந்தது. எனக்கு அடுத்த வருஷம்தான். தாய்மாமன் பட்டுப்பாவாடையும் தட்டுத் தட்டாகப் பழமும் கொண்டுவந்தார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி கேட்டார்கள்: “ஏனம்மணி, பெரியவ நீதானே? நீ இன்னும் பெரியவளாகலியா?” கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நீயும் மணையில் உட்கார்ந்தபடி சிரித்தாய். உனக்கு நினைவிருக்காது. சிரித்தவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

நாயனா உன் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். காரமடைக் கோயிலுக்கு வருகிறவர்களை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டுகிறாராம். “என்ற சின்னப் புள்ளைங்க” என்று.

கோமளா


மசினகுடி
17 ஏப்ரல் 1996

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பழைய சீர் எல்லாம் எதற்கு இப்போது? குழந்தையாக இருந்தபோது சிரித்ததற்கு நாற்பது வயதில் கணக்குக் கேட்கிறாய்.

நான் எழுதியதில் ‘என் அக்கா கோமளா சொல்வது போல’ என்றுதான் இருந்தது. இடம் போதாமல் கண்ணையா வெட்டியிருப்பார். என் கட்டுரையிலும் நிறைய வெட்டியிருக்கிறார். அவரிடம் போய்ச் சண்டை போடு, என்னிடம் வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பந்தி உனக்குத் தோன்றியது சரி. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு உன்னுடையதா? உலகத்தில் எத்தனையோ பேர் சொன்னதுதானே?

ரங்கா


ஆர்.எஸ்.புரம்
1 ஜூலை 1996

மே மாதம் இரண்டு, ஜூனில் ஒன்று என்று நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை.

நேற்று கண்ணையாவின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை, என் கட்டுரையைத் திரும்ப வாங்கப் போனேன். பேச்சுவாக்கில், “என்ற பேரைத் தங்கச்சி எழுதியிருந்தாளாமுங்க” என்றேன். மனிதர் பதறிப்போய் அலமாரியைக் கிளறி உன் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினார். ஆறு பக்கம். ஒரு வரிகூட வெட்டவில்லை. ‘அக்கா’ என்ற சொல்லே அதில் இல்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.

கோமளா


மசினகுடி
15 ஜூலை 1996

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதையும் பிரிக்காமல் போட்டுவிடலாம்.

நான் பொய் சொன்னேன். உன் பெயரை நான் எழுதவில்லை. மறதியில் விட்டுப்போகவும் இல்லை. முதல் வரி எழுதும்போது ‘என் அக்கா’ என்று பேனா ஆரம்பித்தது. நிறுத்திவிட்டுக் கசக்கி எறிந்தேன். வேறு தாள் எடுத்தேன். ஒரு தடவையாவது, ஒரே ஒரு பக்கத்திலாவது நீ எனக்கு முன்னால் நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சீர் நடந்ததைச் சொன்னாய். அது ஒரு நாள். மற்ற நாளெல்லாம் யாருடையது? வீட்டுக்கு வெள்ளை அடிப்பதா? பெரியவளைக் கேள். பசு விற்பதா? பெரியவள் வரட்டும். என் கல்யாணப் பேச்சு நின்றுபோனபோதுகூட என்னிடம் யாரும் வந்து பேசவில்லை. கூடத்தில் எல்லோரும் உன்னைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். யானைகளிடம் நான் போனதே, அங்கே என்னை யாரும் சின்னவள் என்று கூப்பிட முடியாது என்றுதானோ என்று சில சமயம் தோன்றும். அதுவும் வேடிக்கைதான். யானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பெரியவளாகப் பார்த்திருக்கிறேன்!

அம்மா விஷயம் ஒன்று சொல்லவேண்டும். பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் நான் மட்டும்தான் இருந்தேன். நீ வெள்ளகோவில் பள்ளியில். பொதுத்தேர்வு நேரம், விடுப்புத் தரவில்லை. குறை சொல்லவில்லை. நான் அந்த வருஷத்து ஆராய்ச்சி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இதயம் பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். ‘அலகு’வில் அந்த இதய மருத்துவர் எழுதியிருந்தாரே, எங்கள் துறையில் பெரிதாவது பலம் இல்லை, தளர்ச்சி என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த எக்ஸ்ரே படம்தான் கண்ணில் நின்றது. பல் தேய்த்துவிட்டேன். தலை வாரினேன். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன். பத்தொன்பது நாளும் காலையில் கண் திறந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்து நம் வீட்டுத் தெலுங்கில் ஒரே கேள்விதான் கேட்டாள். “பெத்ததி ஒச்சிந்தா?” பெரியவள் வந்துவிட்டாளா? பத்தொன்பது நாளும் அதே கேள்வி. நான் வந்திருப்பதாக அவள் நினைக்கவே இல்லை.

நீ வந்தாய். அன்று மாலை அம்மா போய்விட்டாள். உனக்காகத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள் என்று ஊர் முழுக்கப் பேசியது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன் பந்தியைத் திருடியது தப்பு. ஆனால் ஏன் திருடினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ரங்கா


ஆர்.எஸ்.புரம்
30 ஆகஸ்ட் 1996

ரங்கா,

பிரித்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதற்குப் போக எனக்குத் தைரியம் இல்லை.

உன் கட்டுரையை அதுவரை நான் இரண்டாம் பத்திக்கு மேல் படிக்கவில்லை. உன் ஜூலைக் கடிதம் வந்த வாரம் எடுத்தேன். பாசத்தில் எடுத்ததாக நினைக்காதே. சிவப்பு மையை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு தப்பாவது கிடைக்காதா, கண்ணையாவுக்கு ஒரு கார்டு போடலாமே என்று. பொறாமைக்காரி மாதிரி கவனமாகப் படிக்கிறவர் இந்த உலகத்தில் கிடையாது. கால்புள்ளி வரைக்கும் பார்த்தேன்.

மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: ஒரு யானையை அப்படியே நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், நான்கு மடங்குக் கால் எட்டு மடங்குப் பாரத்தைத் தாங்க வேண்டும், எனவே அந்த யானை எழுந்து நிற்கும் முன்பே கால் நொறுங்கும், பெரிய உயிர் என்பது சின்ன உயிரின் உருப்பெருக்கம் இல்லை. தப்பு இல்லை. பத்தாம் வகுப்பில் கன அளவுப் பாடத்தில் வருஷா வருஷம் நான் நடத்துகிற அதே விகிதம். இரண்டுக்கு நான்கு, எட்டு. நான் போர்டில் கனசதுரம் போடுவேன். நீ அதற்குக் கால் வைத்துவிட்டாய். அது என்னை இன்னும் எரித்தது. பேனாவை மூடிவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியில் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டுப் புதிது கட்ட ஆரம்பித்தார்கள். பழையது ஆறடிக்கு ஆறடி, ஆறடி உயரம். நான்கு செங்கல் தூண்மேல் இருந்தது. மாணவிகள் எண்ணிக்கை கூடிவிட்டது என்று புதியதை எல்லாப் பக்கமும் பன்னிரண்டடியாகக் கட்டியிருந்தார்கள். அன்றுதான் முதல்முதலாகத் தண்ணீர் விட்டார்கள். மத்தியானம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டிபன் டப்பாவோடு தொட்டியின் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி சபுரா டீச்சரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “பயப்படவே வேண்டாமுங்க. தொட்டி டபுளு, தூணும் டபுளு பண்ணிப்போட்டேன். முன்ன ஒம்பது இஞ்சு, இப்பப் பதினெட்டு இஞ்சு.”

நான் தண்ணீர் குடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தொட்டி டபுள் என்றால் தண்ணீர் எட்டு மடங்கு. பழையதில் ஆறு டன். இதில் நிரம்பினால் நாற்பத்தொன்பது டன்! தூண் நான்கு மடங்குதான். ஒவ்வொரு சதுர அங்குலச் செங்கல்மேலும் முன்பிருந்ததைப் போல் இரண்டு பங்கு பாரம். கரும்பலகையில் பதினாறு வருஷம் எழுதியது அப்போதுதான் முதன்முறையாகத் தலைக்கு மேலே தெரிந்தது. அதுவும் யானைக் காலாகத் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், உன் யானைக் காலாகத்தான் தெரிந்தது.

“தண்ணியை நிறுத்துங்க. புள்ளைங்களை எந்திரிக்கச் சொல்லுங்க” என்று கத்தினேன். நான் பள்ளியில் கத்தியதே இல்லை. மேஸ்திரி சிரித்தார். “ஏனுங்க டீச்சர், நாங்க எத்தனை தொட்டி கட்டியிருக்கறோம்” என்றார். சபுரா டீச்சர் சிரிக்கவில்லை. மணி அடிக்கச் சொன்னார். பிள்ளைகளைக் கூடத்துக்குள் அனுப்பினோம். தண்ணீர் முக்கால் தொட்டியில் நின்றது. வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, பம்ப் கம்பெனிக்கு போன் போட்டேன். அவருடைய கம்பெனி இன்ஜினியரை டிவிஎஸ்-50 பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். அந்த மனிதர் தூணைச் சுற்றி வந்தார், கிழக்குத் தூணில் கை வைத்துக் காட்டினார். உச்சியில் இருந்து கை நீளத்துக்கு ஒரு விரிசல். விரல் நுனி நுழைந்தது. காலையில் அது இல்லை என்று மேஸ்திரியே சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பெண்ணும் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள்.

தொட்டியைக் காலி செய்து இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் சபுரா டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன், ஒரு கட்டுரையில் படித்தேன் என்று. யார் எழுதியது என்றார். சொன்னேன். உடனே அவர் மைக்கில், “கோமளா டீச்சரின் தங்கச்சிக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்” என்றார். எண்ணூறு பெண்கள் உனக்குக் கை தட்டினார்கள். நான் மேடையில் நின்றுகொண்டு நானும் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன் ரங்கா, அந்தப் பிள்ளைகள் பிழைத்த சந்தோஷத்துக்கு நடுவிலும் வயிறு எரிந்தது. என்ன ஜன்மம் இது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் அவரைக்காய் உரித்தபடி, “எரிஞ்சாலும் பேரைச் சொல்லிப்போட்டயல்ல அம்மணி, உடு” என்றார்.

சொல்லிப்போட்டேன். நீ சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்று அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. பிறகுதான், நானும் சொல்லாத ஒன்று இருப்பது உறுத்த ஆரம்பித்தது.

அம்மா போன அன்று மத்தியானம் நான் வந்ததும் நீ கீழே காபி குடிக்கப் போனாய். பத்து நிமிஷம் இருக்கும். அம்மா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எப்படி வந்தாய், எப்போது வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. “சின்னதி தினிந்தா?” என்றாள். சின்னவள் சாப்பிட்டாளா? நான் சாப்பிட்டாள் என்றேன். நம்பவில்லை. மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சாப்பிடுவதே இல்லை, நீ வந்தால் சொல்லிச் சாப்பிட வைப்பாய் என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நீ மேலே வந்து, அம்மா ஏதாவது பேசினாளா என்று கேட்டாய். இல்லை என்றேன்.

வெள்ளகோவிலில் இருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவளிடம், கடைசியிலும் உன்னைப் பற்றியே கேட்டாளே என்று எனக்கு இருந்தது. அந்த ஒன்றையாவது நீ கேட்காமல் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். நீ ஒரு வரியை எடுத்தாய். நான் எடுத்தது அதைவிடப் பெரியது.

கோமளா


மசினகுடி
12 செப்டம்பர் 1996

பதினோரு வருஷம் கோமளா.

பதினோரு வருஷம் நான் அம்மாவுக்கு வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். நீ என் எதிரில் உட்கார்ந்து திவசச் சோறு சாப்பிட்டிருக்கிறாய், ஒவ்வொரு வருஷமும். எனக்கு இப்போது எழுத வரவில்லை.

15 செப்டம்பர்

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் உனக்கு வரட்டும்.

மூன்று நாளாக வேலைக்குப் போனேன், வந்தேன். இன்று காலை ரசாக் பாய், “ஏனுங்க மேடம், சாப்பிட்டீங்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஜீப்பிலேயே அழுதுவிட்டேன். பாவம், அவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார். நேராக ஓட்டலுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன். பிறகு இன்னும் இரண்டு. அம்மா கேட்டதற்கு இப்போதாவது பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாக இருக்கும். இருக்கிற பொய் போதும் நமக்குள். ஆனால் நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. என் பொய்யை நீ பிடித்தாய், உன்னுடையதை நீயே கொண்டுவந்து கொடுத்தாய்.

கண்ணையாவுக்கு எழுதிவிட்டேன். பந்தி யாருடையது என்று நவம்பர் இதழில் என் கையெழுத்தோடு வரும். தொட்டியில் தண்ணீரை நிறுத்தியது யார் என்பதும். அந்த விகிதம் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக எனக்கும் தெரியும். எங்கள் முகாமின் தொட்டியை நான் ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. உன் கடிதம் படித்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

இனி ஒரு வேலை விஷயம். எங்களிடம் பன்னிரண்டு வருஷ நோட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன. எந்த யானை, எந்த மாதம், கால் தடத்தின் சுற்றளவு எவ்வளவு என்று. தடத்தின் சுற்றளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதன் தோள் உயரம். அப்படியானால் ஒரு யானை எந்த வயதில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது, எப்போது நிற்கிறது என்று அந்த நோட்டுகளிலேயே இருக்கிறது. அதை வெளியே எடுக்கிற கணக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்கக் கூடாது என்றே நாலு வருஷம் தள்ளிப்போட்டேன்.

காலாண்டு விடுமுறை வருகிறதல்லவா? வா. கட்டுரையாக எழுதுவோம், இரண்டு பேர் பெயரிலும். நீ மூத்தவள், உன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

ரங்கா


ஆர்.எஸ்.புரம்
21 செப்டம்பர் 1996

ரங்கா,

சனிக்கிழமை காலை ஏழு மணி ஊட்டி பஸ்ஸில் வருகிறேன். அங்கிருந்து மசினகுடிக்கு எந்த பஸ் என்று மாமா கேட்டு வைத்திருக்கிறார். வரைபடத் தாள் இரண்டு கட்டு, லாக் டேபிள், நாயனா கொடுத்த கடலை உருண்டை எடுத்துவருகிறேன். நோட்டுகளை வருஷ வாரியாக அடுக்கி வை. உன் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். அதை முதலில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

நீ கோபமாக இருந்தால் இரு. நான் மூன்று நாள் கணக்குப் போடத்தான் வருகிறேன், சமாதானம் பேச வரவில்லை. எனக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நேற்றுக்கூட நாயனா வீட்டுக் கூடத்தில் உன் படத்தைப் பார்த்ததும் சுருக்கென்றது. நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். லேசாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிட்டு வந்தேன்.

பெயர் விஷயம். மூத்தவள் என்பதற்காக என்னை முன்னால் போட வேண்டாம். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். அகரவரிசையில் போடு.

அதிலும் நான்தான் முன்னால்.

கோமளா